கடலோரம் போனால்தான் சிக்னல்

எனக்கும் கலைச்செல்விக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான். ராமநாதபுரத்தில் ஒரு அறக்கட்டளை நடத்துகிற சின்ன மையம் எங்களுடையது. தடுப்புக்கு இந்தப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கு நான் பேச்சுப் பயிற்சி கொடுப்பேன். அந்தப் பக்கம் நுரையீரல் நோயோடு இருக்கிற பிள்ளைகளுக்கு அவள் வீடியோ கால் வழியே உடற்பயிற்சி கொடுப்பாள். என் பிள்ளைகளுக்கு அவள் சத்தம் தொந்தரவே இல்லை. எனக்குத்தான் தொந்தரவு. "ஊது, நல்லா ஊது, துப்பு, வெக்கப்படாமத் துப்பு" என்று நாள் முழுக்கக் கத்துவாள். மாட்டுச் சந்தையில்கூட இவ்வளவு கூப்பாடு இருக்காது என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சில நாள் கழித்து அவளாகவே வந்து, என் டிபன் டப்பாவிலிருந்த கருவாட்டுக் குழம்பில் பாதியைத் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டாள். அதோடு சமாதானம்.

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தது அன்பினால் மட்டும் இல்லை, கோபத்தாலும்தான். யார் மேல் கோபம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரையாவது கைகாட்ட முடிந்திருந்தால் அங்கேயே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன், எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கலைச்செல்வி அபிராமத்துக்காரி. அப்பா ராக்கப்பன் குண்டு மிளகாய் போடுகிறவர். மகள் டாக்டராகிவிடுவாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மார்க் இடித்தது. இதுவும் டாக்டர் படிப்பு மாதிரிதான் என்று யாரோ சொல்ல, மதுரையில் பிசியோதெரபி சேர்த்துவிட்டார். படித்து முடித்து ஊருக்குப் போனால், "என்னத்தா, கால் அமுக்கி விடுற படிப்பாமுல்ல" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதல் வேலை பரமக்குடியில் ஒரு எலும்பு டாக்டரிடம், முட்டிவலிக்காரர்களுக்குக் கரண்ட் வைப்பது. அவர்கள் முட்டியைப் பற்றிப் பேசியதைவிட மருமகள்களைப் பற்றிப் பேசியதுதான் அதிகம் என்பாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தாள். கணவர் முத்துகிருஷ்ணன் மின்வாரியத்தில் லைன்மேன். மனிதர் வாயே திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து இவள் பேசிவிடுவாள்.

அறக்கட்டளையில் சேர்ந்ததும் பிள்ளைகளின் நெஞ்சுக்கான பயிற்சியைக் கற்றுக்கொண்டு வர அனுப்பினார்கள். போனவள் வேறு ஆளாகத் திரும்பி வந்தாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே விளக்கிக்கொண்டிருந்தாள், எங்கள் மையத்தைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாவிடம்கூட. என்னிடம் சொன்னது இப்படி: "வாய்க்கா மாதிரிக்கா. கரை சரிஞ்சு அகலமாயிருச்சுன்னா தண்ணி ஓடாது, தேங்கும். தேங்குனா நாறும்." சின்ன வயதில் வந்த நிமோனியாவோ வேறு காய்ச்சலோ சில பிள்ளைகளின் மூச்சுக்குழாய்களைத் தளர்த்தி விரித்துவிட்டுப் போய்விடும். அப்புறம் சளி தானாக ஏறி வராது. தேங்கும், கிருமி பிடிக்கும், காய்ச்சல் வரும், ஒவ்வொரு காய்ச்சலும் குழாயை இன்னும் கெடுக்கும். கெட்டது திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். அதற்கு நாள் தவறாமல் பிள்ளையைச் சாய்த்துப் படுக்கவைத்து, கையைக் குழித்து முதுகில் தட்டி, மூச்சை நிதானமாக இழுக்கவைத்து, தொண்டையைத் திறந்து 'ஹா' என்று ஊதவைத்து, சளியை வெளியே கொண்டுவர வேண்டும்.

தினமும் செய்கிற காரியத்துக்குத் தினமும் பஸ் ஏறி ராமநாதபுரம் வர முடியுமா? கொரோனாவுக்குப் பிறகு வீடியோ கால் எல்லாருக்கும் பழகிவிட்டதால், அவளுக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார்கள். வீட்டில் தட்டுவது தாய், இங்கிருந்து பார்த்துத் திருத்துவது இவள். தொட முடியாததுதான் அவளுக்குப் பெரிய அவஸ்தை. தாய் தட்டுகிற இடம் கொஞ்சம் தள்ளிப் போனாலும், "இங்கன, இங்கன" என்று கண்ணாடியிலேயே தட்டுவாள். அந்த டேப்லெட் எப்படி இன்னும் உடையாமல் இருக்கிறது என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

நல்லதும் நடந்தது, சொல்லாமல் விடக்கூடாது. பாம்பனில் மாஷிதாவின் மகன் சஃபீர். பாட்டில் தண்ணீருக்குள் குழாயை விட்டுக் குமிழி வர ஊத வேண்டும், அதுவும் ஒரு பயிற்சி. பையன் அசைந்து கொடுக்கவில்லை. தண்ணீருக்குக் கலர் இருந்தால் ஊதுவான் என்று மாஷிதா ரோஸ்மில்க் எசன்சைக் கலந்து வைத்தாள். அவன் ஊதாமல் மொத்தத்தையும் உறிஞ்சிக் குடித்துவிட்டான். அவன் வாப்பா சவுதியில், தம்மாமிலிருந்து இன்னொரு போனில் இருந்தார். அங்கே அவர் அறையில் கூட இருந்த அத்தனை ஆம்பிளைகளும் "ஊது வாப்பா, ஊது" என்று சேர்ந்து சத்தம் போட, கலைச்செல்வி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சஃபீருக்கு இப்போது காய்ச்சல் வருவதே அபூர்வம். பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் விளையாடுகிறானாம்.

சிநேகாவின் விஷயம் அப்படி இல்லை.

சாயல்குடிப் பக்கம் ஒரு உள்கிராமம். அம்மா முருகலட்சுமி, அப்பா தர்மராஜ், ஒரே பிள்ளை. எட்டு வயது. ஆனால் பார்த்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரிதான் இருப்பாள், விரல் நுனியெல்லாம் உருண்டு போயிருக்கும். இடது நுரையீரலின் அடிப்பகுதி கெட்டிருந்தது. இப்படியே காய்ச்சலோடு வந்துகொண்டிருந்தால் கெட்ட பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், மற்றப் பக்கமும் கெட்டால் வெட்டவும் வழியிருக்காது என்று மதுரை டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கலைச்செல்வி அந்தப் பேச்சைத் தனக்கு விட்ட சவாலாக எடுத்துக்கொண்டாள். வெட்டவிட மாட்டேன் என்று என்னிடம் சொன்னாள், ஏதோ நான் கத்தியோடு நிற்கிற மாதிரி.

அவர்கள் ஊரில் சிக்னல் கிடையாது. போன் பேச வேண்டுமென்றால் கடலோரம் போக வேண்டும். அதனால் முருகலட்சுமி காலையிலும் சாயங்காலமும் பிள்ளையை டி.வி.எஸ். வண்டியில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, பாயும் தலையணையும் பின்னால் கட்டி, கரையோரப் பனைமரங்களுக்கு அடியில் வந்து இறங்குவாள். பாயை விரித்து, போனை ஒரு பனை மட்டையில் சாய்த்து வைப்பாள். எங்களுக்குத் தெரிந்தது அந்தப் படம்தான். பின்னால் நீலமாகக் கடல், மேலே ஓலை ஆடும், காற்றுச் சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்காது. இங்கே கரண்ட் போய் நாங்கள் விசிறிக்கொண்டிருக்கும்போது, "பாருங்கக்கா, அவளுக என்னமாக் காத்து வாங்குறாளுக" என்று கலைச்செல்வி பொறாமைப்படுவாள். தூசி தும்பு இல்லாத கடல் காற்று, சிநேகாவுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்று மற்றத் தாய்மார்களிடம்கூடச் சொல்வாள்.

ஆரம்பத்திலேயே கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். விறகடுப்பா என்றாள். இல்லை, கேஸ். வீட்டில் யாராவது பீடி சிகரெட்? தர்மராஜ் வெற்றிலைகூடப் போடாத மனிதர். கொசுவர்த்தி கொளுத்துவதில்லை, நாய் பூனை இல்லை. அப்பா என்ன வேலை? கூலி வேலை. முருகலட்சுமி ஒன்றில்கூடப் பொய் சொல்லவில்லை. மீன்காரத் தெருவில் இருக்கிறவர்கள் எங்கள் தெருவில் கவிச்சி அடிக்கிறது என்று டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா? அந்த மாதிரிதான்.

மரியாதை வேறு குறுக்கே நின்றது. டாக்டரம்மா பார்க்கிறார்களே என்று பிள்ளையைக் குளிப்பாட்டி, முகத்திலும் கழுத்திலும் பவுடர் அப்பி, இருமவைத்துச் சளியை வீட்டிலேயே துப்பவைத்துக் கூட்டி வருவாள். பெரிய மனுஷி முன்னால் பிள்ளை துப்புவது அவளுக்குக் கூச்சம். கலைச்செல்வி இதைக் கண்டுபிடித்துப் பவுடருக்குத் தடை போட்டாள், இங்கேயே துப்ப வேண்டும் என்றாள். அதற்குப் பிறகும், துப்பின கப்பைக் காட்டு என்றால் முந்தானையால் மூடிக்கொண்டு, "வெள்ளையாத்தான் இருக்கு மேடம், நீங்க எதுக்கு இதப் பாத்துக்கிட்டு" என்று திருப்பி வைத்துவிடுவாள். அதை ஒருதடவை பார்த்திருந்தால் போதும். போனில் இருக்கிற ஆளின் கையைப் பிடித்துக் கப்பை வாங்க முடியுமா?

ஐப்பசியில் மழை பிடித்தது. மழையும் குளிரும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று கலைச்செல்வி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். சிநேகாவோ நேர்மாறாகத் தேறினாள். இருமல் குறைந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. கார்த்திகையில் மதுரைக்குப் போனபோது டாக்டரே பயிற்சி நன்றாக வேலை செய்கிறது என்று சொன்னாராம். அன்றைக்கு என் தடுப்புக்கு மேலே ஒரு கை நீண்டு ஜாங்கிரி கொடுத்தது. மையத்தில் எல்லாருக்கும் கொடுத்தாள். அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

பொங்கல் கழிந்ததும் எல்லாம் தலைகீழாகப் போனது. காய்ச்சல், மருந்து, மறுபடி காய்ச்சல். ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கலைச்செல்விக்குக் காரணமே புரியவில்லை. அதே பயிற்சி, அதே நேரம், அதே கடல் காற்று. கடைசியில் முருகலட்சுமி மேல் பாய்ந்தாள். ஒழுங்காகத் தட்டுகிறாயா இல்லையா, நான் பார்க்கும்போது மட்டும் தட்டிவிட்டு மற்ற நேரம் போட்டுவிடுகிறாயா என்று கேட்டாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கே சுருக்கென்றது. "தட்டுறேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள் முருகலட்சுமி.

மாசியில் முருகலட்சுமிக்கே காய்ச்சல் வந்து படுத்துவிட, ஒரு சாயங்காலம் தர்மராஜ் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்தார். வேலையிலிருந்து நேரே வந்திருப்பார்போல. மனைவி செய்வதைப் பார்த்து வைத்திருந்ததால் நன்றாகவே தட்டினார். கை வேண்டிய அளவு குழிந்திருந்தது, பிள்ளைக்கு வலிக்கவில்லை. கலைச்செல்வி பாராட்டினாள். தட்டின இடம் சரிதானா என்று பார்க்க, பிள்ளையின் முதுகைப் போன் பக்கம் திருப்பச் சொன்னாள்.

சிநேகா வெள்ளை ஷிம்மி போட்டிருந்தாள். முதுகு முழுக்கக் கறுப்புக் கறுப்பாகக் கைத்தடம்.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கலைச்செல்வி கேட்டாள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மூட்டம் போடுறேம்மா. கரிமூட்டம்."

"எங்கன?"

"வீட்டுக்குப் பின்னாடிதாம்மா. எங்க ஊரே அதத்தான செய்யுது."

அபிராமத்துக்காரிக்குக் கரிமூட்டத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சீமைக் கருவேலத்தை வெட்டிக் குவித்து, மேலே வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்தால் நாள்கணக்கில் கொழுந்து விடாமல் கருகும். அத்தனை நாளும் புகை. தர்மராஜிடம் ஏதோ நல்லபடியாகப் பேசி முடித்துவிட்டுத் தடுப்பைச் சுற்றி என் பக்கம் வந்தாள். என் எதிரில் ஒரு குட்டிப் பையன் கண்ணாடியைப் பார்த்து உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்துச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மழையில மூட்டம் போட மாட்டாங்கல்லக்கா" என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. அப்புறம் ஜாங்கிரி ஞாபகம் வந்தது. அவளைப் பார்க்கவே முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டியில் இரண்டு பேரும் போனோம். ஊர் எல்லை வருவதற்கு முன்பே எனக்குக் கண் எரிந்தது. தெருவுக்குப் பின்னால், வீடுகளுக்கு நடுவில், பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி என்று பார்க்கிற இடமெல்லாம் மண்ணால் மூடின மேடுகள், ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைப் புகை. காற்று இல்லாததால் புகை மேலே போகாமல் ஓட்டுக்கூரை உயரத்திலேயே கிடந்தது. அதற்குள் ஆடு மேய்ந்தது, ஒரு ஆள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இருமுகிறவர்கள் யாரும் நின்று இருமவில்லை, வேலையோடு வேலையாக இருமினார்கள்.

சிநேகா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவளுக்குக் கலைச்செல்வி டீச்சர். டீச்சர் போனில் பெரிதாக இருந்தார்கள், நேரில் குட்டையாக இருக்கிறார்கள் என்று அம்மா காதில் சொல்லியிருக்கிறாள். கலைச்செல்வி சிரித்தாள். அவளை மடியில் உட்காரவைத்து, இத்தனை மாதமாக வைக்க முடியாத ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டாள். வலது பக்கமும் வைத்தாள். அங்கே நெடுநேரம் வைத்திருந்தாள். பிறகு முருகலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குத் திட்டினதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றாள். அவளோ விருந்தாளிக்குக் காப்பி ஆறுகிறதே என்ற கவலையில் இருந்தாள்.

தர்மராஜ் நாங்கள் சொன்ன எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. இந்தப் புகைதான் பிள்ளையைக் கெடுக்கிறது என்று கலைச்செல்வி சொன்னபோது, தன் மூட்டத்தை ஒருதடவை திரும்பிப் பார்த்தார். அடுத்த மூட்டத்தை ஊருக்கு வெளியே கண்மாய்க்கரைக்குக் கொண்டுபோய்விடுகிறேன் என்றார். சொன்னதைச் செய்தும் விட்டார், அதைப் பிற்பாடு முருகலட்சுமி சொன்னாள். ஆனால் அன்றைக்கே அவர் கேட்டது இது: "எம் மூட்டத்த மாத்திருவேன். மத்தவுக மூட்டத்த என்னம்மா செய்ய?"

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கலெக்டருக்கு மனு கொடுங்கள், இத்தனை வீட்டுக்கு நடுவில் இப்படிப் புகை போட யார் அனுமதித்தது என்று கத்தினேன். முருகலட்சுமிதான் பதில் சொன்னாள், கோபமே இல்லாமல்.

"நிப்பாட்டிட்டாகன்னு வைங்கக்கா. பூராச் சனமும் வந்து எங்க வாசல்ல நிக்கும். என்ன சொல்ல?"

அந்த மண்ணில் கருவேலத்தைத் தவிர வேறு எதுவும் முளைப்பதில்லை. தண்ணீர் உப்பு. கருவேலத்தை வெட்டினால் கரி, கரி போட்டால் சோறு. பிள்ளையை வேறு எங்காவது விடலாமா என்று கலைச்செல்வி ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். முருகலட்சுமியின் பிறந்த ஊரிலும் இதே தொழில். தினமும் இரண்டு வேளை முதுகில் தட்ட வேண்டிய பிள்ளையை எந்த விடுதியும் சேர்க்காது. கடைசியாக, தயங்கித் தயங்கி, நான் என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேனே என்றாள். முருகலட்சுமி முடியாது என்று சொல்லவில்லை. சிநேகாதான் அம்மாவின் சேலையை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இருமல் வந்துவிட்டது. அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டோம்.

ராமநாதபுரம் திரும்பினோம். என் சேலையைத் துவைத்து உலர்த்திய பிறகும் அந்தப் புகை வாடை இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து சிநேகாவின் பயிற்சி நீண்டுகொண்டே போனது. தட்டுவது, ஊதுவது எல்லாம் முடிந்த பிறகும் கலைச்செல்வி போனை வைக்க மாட்டாள். கையைத் தூக்கி இறக்கு, மணலில் நட, உட்கார்ந்து எழு என்று புதிது புதிதாக ஏதாவது சொல்வாள். அதுவும் தீர்ந்துபோனால் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வாள், பாடப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி வாசிக்கவைப்பாள். முதலில் எனக்கு எரிச்சல்தான். இவள் என்ன டியூஷன் எடுக்கிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் ஊர்வாரியாக மீன் பெயர் சொல்லச் சொல்லி விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. பிள்ளை கடற்கரையில் இருக்கிற நேரத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். மருந்தும் அதுதான், மாயமும் அதுதான். அவள் கையில் வேறு ஒன்றும் இல்லை.

இதற்காக மற்றப் பிள்ளைகளின் நேரத்தை மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளினாள். ஒரு கையில் சோற்றை அள்ளிக்கொண்டே மாஷிதா மகனைக் குமிழி விடச் சொல்வாள். முருகலட்சுமியும் எதற்கு இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்திருக்கும். பங்குனி காய்ச்சலில்லாமல் கழிந்தது. கலைச்செல்வி இந்தத் தடவை இனிப்பு வாங்கவில்லை, பயம். ஆனால் மறுபடி என் குழம்பில் கை வைக்க ஆரம்பித்தாள். அதை வைத்து நான் தெரிந்துகொண்டேன்.

சித்திரையில் அந்த ஊருக்கு டவர் வந்தது.

ஒரு செல்போன் கம்பெனி ஊர் மந்தையில் நட்டது. ஊர் கூடித் தேங்காய் உடைத்து, பொங்கல் வைத்தார்களாம். எத்தனை வருஷம் மனு கொடுத்துக் கேட்ட டவர், சந்தோஷப்படாமல் இருப்பார்களா? முருகலட்சுமி வீட்டுக்குள்ளிருந்தே கூப்பிட்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "மேடம், இனி அலைய வேண்டியதில்ல. இங்கனயே கெடைக்குது, பாருங்க, வெட்டாமத் தெரியுது" என்றாள்.

கலைச்செல்வி பொய் சொன்னாள். இங்கே படம் தெளிவாக இல்லை, கலங்கலாக இருக்கிறது, கொஞ்ச நாளைக்குப் பழைய இடத்துக்கே போய்விடுங்கள் என்றாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சரியாக வரவில்லை, குரல் எங்கேயோ போனது. முருகலட்சுமி பாயைச் சுருட்டினாள்.

இதில் அவர்களுக்கு இருந்த சங்கடம் எங்களுக்குத் தெரியாது. மூட்டத்தை ஒற்றை ஆளாகக் காக்க முடியாது. மேல்மண் எங்கே வெடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்து, உடனே ஈரமண் அப்ப வேண்டும். விட்டால் காற்றுப் புகுந்து உள்ளே தீ பிடித்துவிடும். கண்மாய்க்கரைக்குத் தள்ளிப் போட்ட பிறகு அக்கம்பக்கத்து ஆள் உதவியும் இல்லாமல் போயிற்று. தர்மராஜ் தண்ணீர் எடுக்கப் போயிருந்த ஒரு சாயங்காலம், முருகலட்சுமி கடற்கரையில் எங்களுக்காக உட்கார்ந்திருந்த நேரம், மூட்டம் வாய் பிளந்துவிட்டது. அவர் ஓடி வருவதற்குள் பாதி விறகு சாம்பல். பிள்ளைக்காக ஊருக்கு வெளியே போட்ட மூட்டம் அது. அதற்கப்புறம் அடுத்ததை அவர் வீட்டுக்குப் பின்னாலேயே போட்டார். முருகலட்சுமி இதைச் சொன்னபோது யார் மேலும் குறை சொல்லவில்லை. இன்னிக்கு மட்டும் வீட்டிலிருந்தே செய்துவிடுகிறோமே மேடம், அவுக ஒத்தையில நிக்கிறாக என்று கேட்டாள்.

இன்னிக்கு மட்டும் என்பது அதற்குப் பிறகு எல்லா நாளும் ஆயிற்று. அந்த முதல் நாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அந்தப் பக்கம் கலைச்செல்வியின் சத்தத்தையே காணோம். என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தேன், பிறகு எழுந்து போய் அவள் பின்னால் நின்றேன். டேப்லெட்டில் படம் அவ்வளவு துல்லியமாக இருந்தது. நீலச் சுவர், காலண்டர், திறந்த கொல்லைக் கதவு. கதவுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது. முருகலட்சுமி பிள்ளையை முட்டுக் கொடுத்துச் சாய்த்துவிட்டு, வெளியே தர்மராஜ் கூப்பிட, இந்தா வாரேன் என்று ஓடினாள்.

சிநேகா தனியாகப் படுத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"டீச்சர், இப்பத்தான் ஒங்க மூஞ்சி நல்லாத் தெரியுது. அங்கன வெயிலுக்கு ஒங்க மூஞ்சியே தெரியாது. கறுப்பாத்தான் தெரிவீங்க."

கலைச்செல்வி தலையை மட்டும் ஆட்டினாள். பயிற்சியின் முதல் வார்த்தையே மூச்சை நல்லா உள்ளே இழு என்பதுதான். அதைச் சொல்லாமல் வேறு எதிலிருந்தும் ஆரம்பிக்க முடியாது. அவள் சொல்லவில்லை. நான் அவள் தோளில் கை வைத்தேன், அது எனக்கே எந்த ஆறுதலாகவும் இல்லை.

"டீச்சர்? சிக்னல் போயிருச்சா?"

"இல்ல தங்கம். இருக்கேன்."

சிநேகா இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். டீச்சருக்கு என்னவோ மறந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். பிள்ளைகளுக்கு உதவி செய்வதென்றால் எவ்வளவு ஆசை.

"நீங்க சொல்ல வேணாம் டீச்சர். எனக்கே தெரியும், நானே செய்யிறேன்."

ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். வாயை மூடி, மூக்கு வழியாக, கலைச்செல்வி சொல்லிக்கொடுத்திருந்தபடியே, வயிற்றின் மேல் வைத்த கை ஏறும் வரைக்கும் நிதானமாக மூச்சை உள்ளே இழுத்தாள். அவ்வளவு ஆழமாக இழுக்க எங்களிடம் வருகிற வேறு எந்தப் பிள்ளைக்கும் தெரியாது.